பாசிக்குள் ஒரு ஜோடி

அக்டோபர் 4
பேசாமல் இருந்தது போதும். இந்தக் குள்ளச் சிலந்திப் பேரினத்தின் முதல் ஆண் சிலந்தியை அருங்காட்சியகத் தோட்டத்துப் பாசியில் கண்டெடுத்தவன் நான். கடுகில் பாதி இருக்கும். தலையில் கோபுரம்போல் ஒரு மேடு. அதற்குப் பெயர் வைத்துத் தனியாகக் கட்டுரை போட்டுக்கொண்டவர் என் தங்கை கணவர். நன்றியுரையில்கூட நான் இல்லை. இப்போது வெளிநாட்டு நிபுணர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒரே ஒரு ஆண் சிலந்தியை நம்பி நிற்கும் பேரினம் இது, அந்த மேடு வெறும் ஊனம், பேரினத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று. கண்டெடுத்தவன் என்ற முறையில் நானும் ஆமோதித்து எழுதப்போகிறேன்.

அக்டோபர் 7
எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே இனித்தது.

அக்டோபர் 9
தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவரு சரியா சாப்பிடறதே இல்ல. ஒரு பூச்சிக்குப் போயி இப்படியா?"

"பூச்சி இல்ல. எட்டுக் கால் இருக்கு."

"ஆமா, ரெண்டு பேரும் காலையே எண்ணிக்கிட்டு இருங்க. மனுஷன் ஒடிஞ்சுபோயிட்டாரு."

நல்லா வேணும் — நாக்கு நுனிவரை வந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 12
காலையில் தோட்டத்துப் புல்லெல்லாம் நூல். குள்ளச் சிலந்திகள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து வந்து இறங்கியிருந்தன. நடந்தால் வெளிச்சம் காலில் சிக்கிக் கிழிந்தது. எங்கே போகக் கிளம்பினவோ, அவற்றுக்கே தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? பழைய சுவரோரப் பாசியை ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் உதறினேன். பழக்கம், வேறென்ன.

நுண்ணோக்கியின் அடியில் — இன்னொரு ஆண். அதே மேடு. அதன் பக்கத்துக் குழியில் வாய் வைத்து, கண்மூடிக் குடிப்பதுபோல், யாரும் இதுவரை கண்டிராத பெண். ஊனமாம்! அவளுக்கு வைத்த விருந்து அது. சிலந்திக்குக் கண்மூடத் தெரியாது; எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கூப்பிட்டுக் காட்ட முதலில் நினைவுக்கு வந்தது அந்த மனுஷன்தான். சீ.

அக்டோபர் 13
இந்த ஜோடிய சாக்கடையில ஊத்திட்டா யாருக்குடா தெரியப்போவுது?

அக்டோபர் 15
ஆமோதித்து எழுதியதைக் கிழித்தேன். ஜோடியை ஆல்கஹால் குப்பியில் இட்டேன். உள்ளே போடும் சீட்டில் பென்சிலால் இடம், நாள், 'பழைய சுவர், பாசி' என்று எழுதினேன். 'சேகரித்தவர்' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. மன்னித்துவிட்டேனா? இல்லை. ஆனால் இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

அப்போது என் பெயரை அவர் விட்டார். இந்தத் தடவை நானே விடுகிறேன். குப்பியை வைத்த பெட்டியின் மேல் அவர் முகவரி மட்டும். நாளை தபாலில் போட்டுவிடுவேன்.