தலையில் விழுந்த பல்லி

ஜனவரி, ஞாயிறு இரவு

மாட்டுங்காவில் ஸ்வெட்டரைத் தேடும் அளவுக்குக் குளிர். காலையில் சமையலறைச் சுவரிலிருந்த பல்லி விறைத்துப்போய்ப் பொத்தென்று என் தலையில் விழுந்தது. மாமியார் உடனே பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலனைப் பார்த்தார்.

"தலையில விழுந்தா கலகம்னு போட்டிருக்கு. நாளைக்கு வாஷிக்குப் போகாதே."

நாளைதான் வாஷி ஆபீசில் எனக்கு முதல் நாள். குழந்தை பிறந்தபிறகு கிடைத்த முதல் வேலை. ஆரம்பத்திலிருந்தே மாமியாருக்கு அதில் இஷ்டமில்லை.

"குளிர்ல அதுக்குப் பிடிமானம் போயிடுத்தும்மா. நேத்து உங்க மிக்ஸி மேலயும் ஒண்ணு விழுந்துதே, மிக்ஸிக்கு என்ன பலன்?" என்றேன். என் கணவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பல்லியை முறத்தில் அள்ளிப் பால்கனி வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாலை அசைத்தது. அப்புறம் சுவரேறிப் போய்விட்டது.

"பாருங்கோ, அது வேலைக்குக் கிளம்பிடுத்து" என்றேன். அதன்பிறகு இதுவரை மாமியார் என்னோடு பேசவில்லை.

பேசாமல் இருக்கட்டும். புடவையை இஸ்திரி போட்டாயிற்று, அலாரமும் வைத்தாயிற்று. பஞ்சாங்கம் ஒன்றும் பொய் சொல்லவில்லை. கலகம் உண்டு. அதைப் பண்ணப் போவது நான்.