வடித்த கஞ்சி

நாள் 61, 07:10
செவ்வாய், தென் துருவ நிலையம். எழுதுவது மருத்துவர் சூடாமணி. காற்று, நீர், வெப்பம் சீர். இங்கே இரண்டே பேர்: நானும் வானொலிப் பொறியாளர் ஞானதுரையும். சமையலும் அவர்தான். குழைந்த சோறு எனக்கு இறங்காது. அதனால் வடிக்கச் சொல்லியிருக்கிறேன். நான்கு நாளாக அவர் கஞ்சியைக் கீழே ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடிக்கிறார். "நீங்க சோத்தச் சாப்பிடுங்கக்கா, எனக்குக் கஞ்சி போதும்." தங்கமான பிள்ளை.

நாள் 98, 12:40
பாதத்தில் எரிச்சல். படியேறினால் மூச்சு வாங்குகிறது. வயசாகிவிட்டது போல. வைட்டமின் மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை.

நாள் 121, 16:05
கால் வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது. முழங்காலைத் தட்டினால் அசைவில்லை. நாடி 118. இது பெரிபெரி. வைட்டமின் பி1 குறைந்தால் நரம்பு கெடும், பிறகு இதயம் வீங்கும். மாத்திரை போடுகிறவளுக்கு எப்படி வந்தது? ஞானதுரை ஓடியாடி வேலை செய்கிறார். பூமிக்குச் சொல்லிவிட்டாராம், பதிலே இல்லையாம்.

நாள் 126, 10:20
அவர் ஆன்டெனாவைச் சரிபார்க்க வெளியே போனார். சுவரைப் பிடித்துக்கொண்டே வானொலி அறைக்குப் போனேன். நாள் 57-இல் வந்த செய்தி இருந்தது:
"மாத்திரைகளில் சத்து இல்லை. தயாரிப்புப் பிழை. பி1 இனி அரிசியின் மேல் பூசியிருக்கும் சத்துப் பூச்சில் மட்டுமே உண்டு. வடித்தால் கஞ்சியோடு போய்விடும். வடிக்காதீர்கள். இருவரும் சமமாகச் சாப்பிட்டால் கப்பல் வரும் நாள் 160 வரை மட்டுமட்டாகத் தாங்கும்."
கீழே பதில்: "பெறப்பட்டது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஞானதுரை."
அடப்பாவி. மட்டுமட்டு என்றதும் பயந்துவிட்டான். என் நோயைப் பற்றிப் பூமிக்கு ஒரு வரிகூட அவன் அனுப்பவில்லை. தங்கமான பிள்ளை என்று எழுதியதை அழிக்க மாட்டேன். இதைப் படிக்கிறவர் அதையும் படிக்கட்டும்.

நாள் 127, 13:15
நாடி 140. படுத்தால் மூச்சு முட்டுகிறது. பி1 கிடைத்தால் ஓரிரு நாளில் தேறிவிடுவேன். சமையலறைக்குப் பதினான்கு படி. ஏற முடியாது. உள்தொடர்பில் கெஞ்சினேன்:
"துரை, எல்லாம் படிச்சிட்டேன். பரவால்ல, யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்குக் கஞ்சிய மட்டும் எனக்குக் குடுப்பா. ஒரு டம்ளர்."
அவன் பதில்:
"தீந்துபோச்சுக்கா. சோறு கொண்டாறேன்."

13:32
படியில் காலடி. கதவு திறக்கிறது. தட்டு நிறையச் சோறு. பொலபொலவென்று, எனக்குப் பிடித்த மாதிரியே வடித்து