கோளாறு விரலில் இல்லை

இன்று காலை அலுவலகத்தில் என் மவுஸ் பழுதாகிவிட்டது. ஒரு கோப்பின் மேல் ஒருமுறை அமுக்கினேன். இரண்டு தடவை அமுக்கியதாக எடுத்துக்கொண்டு அதைத் திறந்துவிட்டது. மூடுவதற்காக அமுக்கினேன், அதற்குப் பின்னால் திறந்திருந்ததையும் சேர்த்து மூடியது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "யே மர் கயா. நயா மாங் லோ" என்றார், இது செத்துப்போச்சு, புதிது கேட்டு வாங்கு என்று. கேட்டேன், புதிது வந்தது, வேலையும் நடந்தது. ஆனால் நாள் முழுக்க எனக்கு உன் வலது கை ஆள்காட்டி விரல்தான் கண்ணுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்ததும் சமையலைக்கூடத் தொடாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ எவ்வளவு பேசுவாய் என்பதை மும்பை ஹார்பர் லைன் ரயிலின் பெண்கள் பெட்டியில் அறியாதவர்கள் கிடையாது. நான் சுனாபட்டியில் ஏறி என் பையை வைத்து உனக்கு இடம் பிடிப்பேன். நீ செம்பூரில் ஏறும்போதே, முந்தின நாள் மாலை எந்தச் சொல்லில் இறங்கினாயோ அந்தச் சொல்லிலிருந்து தொடங்குவாய். வாஷியில் இறங்கி, ஆலைகளுக்குக் குழாய் வரைபடம் போடும் நம் அலுவலகத்துக்கு நடக்கிற வரைக்கும் அது நிற்காது. தாராவியில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் உன் வாயில் உன் அப்பாவின் நாசரேத் தமிழ் அப்படியே இருந்தது. "ஏட்டி, நான் சொல்லுதத முதல்ல கேளு" என்று ஆரம்பிப்பாய். என் முறை வரவே வராது.

அந்தப் பேச்சுதான் முதலில் போனது. "நாக்கு வழுக்குது ஏட்டி, பல்லு டாக்டர்ட்ட காட்டணும்" என்றாய் ஒரு நாள். பல் டாக்டர் வேறு டாக்டரிடம் அனுப்பினார், அவர் இன்னொருவரிடம். கடைசியில் நோயின் பெயர் தெரிந்தது. தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும். அறிவும் உணர்வும் மட்டும் அப்படியே இருக்கும் என்றார்கள். அதற்கு மருந்து இல்லை என்பதையும் சொன்னார்கள். பேச்சு, பிறகு நடை, பிறகு இடது கை. செம்பூர் வீட்டின் ஜன்னலோரம் உன் கட்டில் வந்தது. வேலையை விட்டுவிட்டு உன் கணவர் செல்வின் அண்ணன் உன் பக்கத்திலேயே இருந்தார். சனிக்கிழமைகளில் நான் வருவேன்.

கடைசியில் மிஞ்சியது கண்களும், வலது கையில் அந்த ஒரு விரலும். மருத்துவமனையில் ஒரு பெண் உன் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாள். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு மஞ்சள் கட்டம் வரிசைகளின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். வேண்டிய வரிசை வரும்போது நீ மவுஸை ஒருமுறை அமுக்கினால், கட்டம் அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். வேண்டிய எழுத்தில் மறுபடி அமுக்கினால் அது பதிவாகும். அவ்வளவுதான் வழி. ஒரு சொல் முடிவதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம். அதிலும் நீ வம்பு பேசினாய். கீழ்வீட்டுக்காரி புதிதாக வாங்கிய புடவையின் நிறத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அவளே மேலே வந்து என்ன என்று கேட்டாள்.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. சுவரெல்லாம் ஈரம். நீ எழுதுவது குழம்பத் தொடங்கியது. சொற்களுக்கு இடையில் சம்பந்தமில்லாத எழுத்துகள் வந்தன. பிறகு சொற்களே இல்லை. "ணணக", "கயஅ" என்று திரை நிறைய வெறும் எழுத்துகள். நீ ஒன்றை அழிக்கப் போவாய். அதற்குள் இன்னொன்று விழும். மணிக்கணக்கில் போராடிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய்.

செல்வின் அண்ணன் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு புது மவுஸ் வாங்கி வந்தார். அதன் பொத்தான் விறைப்பாக இருந்தது. உன் விரலை அதன் மேல் வைத்தோம். விரல் வெளுத்தது, நகம் அழுந்தியது, பொத்தான் இறங்கவில்லை. உன் பழைய மவுஸ் தொட்டாலே இறங்குகிற ரகம். அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அண்ணன் பழையதையே உன் கைக்கடியில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. விரலும் போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார். எனக்கும் அதுதான் தோன்றியது.

அந்த வாரம் பார்க்க வந்த டாக்டரும் அதையே சொன்னார். நல்ல மனசுள்ள மராத்திக்காரப் பெண்மணி. உன் மூச்சு வேகமாகக் குறைந்து வருகிறது, தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்து மூச்சு இயந்திரத்தோடு இணைக்கலாம், அல்லது வைக்காமலும் விடலாம் என்றார். "இது அவர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அவரால் இனிச் சொல்ல முடியாது போலிருக்கிறது. அடுத்து நான் வருவதற்குள் நீங்கள் யோசித்து வையுங்கள்" என்று சமையலறை வாசலில் நின்று ஹிந்தியில் அண்ணனிடம் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் சமையலறைக்கும் உன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதானே இருந்தது.

டாக்டர் போன பிறகு அண்ணன் என்னிடம் சொன்னார். "நீயே சொல்லும்மா. அவ படுறது போதாதா? இதுக்கு மேல குழாயும் போட்டு, மெஷினும் வச்சு... அவ வேண்டாம்னுதான் சொல்லுவா. அவளுக்காவ நான்தான் சொல்லணும்." அவர் அழவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நான் வந்தபோது உன் கண்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி அட்டையைப் பார்த்தாய். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நான் எழுத்துகளின் மேல் விரலை ஓட்ட வேண்டும், சரியான இடத்தில் நீ கண்ணை மூட வேண்டும். மென்பொருள் வருவதற்கு முன்னால் நாம் அப்படித்தான் பேசினோம். ஆனால் இப்போது இமையும் தளர்ந்திருந்தது. எது மூடல், எது களைப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பாதியில் நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ விடவில்லை. "வி", "ர", "ல்" என்று வந்தது. பிறகு "மெதுவா". அதன்பின் நெடுநேரம் எடுத்து "மவுஸ்". கடைசியாக "வேகமா".

விரல் மெதுவா. மவுஸ் வேகமா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மவுஸ் அம்பு வேகமா ஓடுதாட்டி? குறைக்கவா?" என்று கேட்டேன். இல்லை என்று கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாய். பிறகு உன் விரலைப் பார்த்தாய். அதை எனக்குக் காட்டுகிறாய் என்பது மட்டும் தெரிந்தது. நீ அமுக்கினாய். அந்த விரல் இறங்குவதை முதன்முறையாக நான் முழுதாகப் பார்த்தேன். மெல்ல மெல்ல இறங்கியது. இறங்கிய இடத்தில் தங்கியது. மறுபடி மேலே வர, தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தபடி முனை வரைக்கும் போய்விடுகிற நேரம் ஆனது. அதற்குள் திரையில் "ண" விழுந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு எழுத்து விழ இரண்டு தடவை அமுக்க வேண்டும். வரிசைக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. உன் விரலோ இன்னும் முதல் அமுக்கிலிருந்தே எழும்பவில்லை. அப்படியிருக்க இரண்டாவது அமுக்கு எங்கிருந்து வந்தது? திரையில் கிடந்த குப்பையை மேலிருந்து பார்த்தேன். அ, எ, க, ண, ய. எல்லாமே ஒவ்வொரு வரிசையின் முதல் எழுத்து. ஒன்றுகூட நடு எழுத்து இல்லை. விரல் நடுங்கியிருந்தால் தப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். இது வரிசை திறந்த அதே நொடியில் விழுகிறது. மனித விரல் செய்கிற வேலையே இல்லை இது.

அத்தனை நாளும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது உன் தோல்வி மட்டும். நீயோ அசையாமல் படுத்துக்கொண்டு, விழுந்த ஒவ்வொரு தப்பையும் கவனித்து, அதற்கு ஒரு காரணம் தேடிக் கண்டுபிடித்திருந்தாய். உன்னைப் பற்றித் திரைச்சீலைக்கு அப்பால் பேசியதெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தபோதே.

உன் விரலை மெதுவாக எடுத்துத் தலையணையில் வைத்துவிட்டு, என் விரலால் அந்தப் பொத்தானை ஒருமுறை அமுக்கினேன். திரையில் "க" விழுந்தது. மறுபடி ஒருமுறை. "ய" விழுந்தது. மவுஸைப் பிடுங்கி என் லேப்டாப்பில் சொருகினேன். அங்கேயும் ஒரு அமுக்குக்கு இரண்டு.

"அண்ணே, இங்க வாங்க" என்றேன். அவர் ஈரக் கையோடு வந்தார். அவரையே அமுக்கச் சொன்னேன். அமுக்கினார், பார்த்தார், மறுபடி அமுக்கினார். "விரல் நல்லாருக்கு அண்ணே. மவுஸுதான் போச்சு" என்றேன். அவர் கட்டிலின் காலடியில் அப்படியே உட்கார்ந்து உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன செய்வது? இரட்டை அமுக்கின் வேகத்தைக் கம்ப்யூட்டர் அமைப்புகளில் மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. வேறு துளையில் சொருகினேன். ஊதினேன், துடைத்தேன். புதியதோ உன் விரலுக்கு இறங்காது. நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நீ மறுபடி அட்டையைப் பார்த்தாய். இந்தத் தடவை ஒரே சொல். "வலது."

வலப்பக்கப் பொத்தானை நீ தொட்டதே இல்லை. அதே மவுஸ், அதே மென்மை, ஆனால் தேயாதது. அமைப்புகளில் இடது வேலையை வலதுக்கு மாற்றினேன். மவுஸைக் கொஞ்சம் இடப்புறம் நகர்த்தி, வலப்பக்கப் பொத்தான் உன் விரலுக்கு அடியில் வருமாறு வைத்தேன். மஞ்சள் கட்டம் இறங்கியது. உன் விரலும் இறங்கியது. கட்டம் வரிசைக்குள் போய், ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, உனக்காகக் காத்தது. நீ எழுதிய முதல் சொல் "டீ". செல்வின் அண்ணனுக்கும் எனக்கும் டீ போடச் சொல்கிறாய் என்று பிறகு புரிந்தது.

டாக்டர் மறுபடி வந்த அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்து உன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். குழாய் வைத்தால் என்ன ஆகும், எவ்வளவு சிரமம், பிறகு அது இல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பிறகு கேட்டார். அண்ணன் சுவரோரமாக நின்றார். உனக்குப் போதும் போதும் என்றிருக்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். நீ எழுதத் தொடங்கினாய். வெளியே மழை பிடித்து, ஓய்ந்து, மறுபடி பிடித்தது.

"போடுங்க. நான் இன்னும் பேசி முடிக்கல."

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. "என்ன எழுதியிருக்கிறார்?" என்று என்னைப் பார்த்தார். "லகா தோ, போல்தி ஹை. மேரா போல்னா அபி பாக்கி ஹை" என்றேன். நீ அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருந்தாய். "ராத்திரிக்கு ஆள் வைக்கணும். செல்வின் தூங்கணும்." அதன் பிறகு, "தாங்க முடியாட்டா நானே சொல்வேன். அப்ப கேக்கணும்." கேட்போம் என்று டாக்டர் உனக்கு வாக்குக் கொடுத்தார். அண்ணனும் கொடுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் கொடுத்தார்.

அதன்பின் நீ பேசியதை நான் எங்கே தொடங்கிச் சொல்வது? மீன் குழம்பின் நிறத்தைப் பார்த்தே புளி அதிகம் என்று அண்ணனோடு சண்டை. என் அலுவலக வரைபடத்தில் ஒரு வால்வு தலைகீழாக இருப்பதைக் கட்டிலில் இருந்தே கண்டுபிடித்துச் சொன்னது. நானும் என் கணவரும் பேசாமல் இருந்த நாட்களில், "நீ முதல்ல பேசு, தேஞ்சா போயிருவ?" என்று ஒரு மதியம் முழுக்கச் செலவழித்து எழுதியது. ஒருநாள் நான் உள்ளே வரும்போதே திரையில் ஒரு வரி காத்திருந்தது. "ஏட்டி, இப்ப நிஜமாவே விரல் போகுது. மவுஸு நல்லாருக்கு." யாரும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்துக் கண்ணின் அசைவால் எழுத வழி செய்துகொண்டோம். அதையும் நீயேதான் சொல்லி ஏற்பாடு செய்தாய்.

தாங்க முடியவில்லை என்று நீ எழுதவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி, ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாய். முந்தின நாள் கடைசியாக எழுதியது "ஃபேனைக் குறை". அதைவிடப் பெரிதாக ஒன்றும் எழுதாமல் போனதுதான் எனக்கு இன்றுவரை வியப்பாக இருக்கிறது. நாளைக்கும் பேசலாம் என்று நினைத்திருந்தவளின் சொல் அது.

என் மாமியார் இப்போது எங்களோடு இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்டுவிட்டு, அவருக்காகத் தாங்களே பதிலும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நேற்று மாலை நான் அவர் முன்னால் உட்கார்ந்து, "டீயா, காபியா அத்த?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். குக்கர் விசில் அடித்தது, போன் அடித்தது, எழுந்திருக்கவில்லை. அவர் உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. நான் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டும் வேண்டாம்" என்றார் கடைசியில். "மோர் கொண்டா."