அம்மா திரும்பப் போடச் சொன்ன படம்

25.12.94, ஞாயிறு

ஆலயம் போய் வந்து, பாளையங்கோட்டையில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் ஓர் இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் படம் பார்த்தோம். பண்டிகை வேலை முழுவதையும் ஒரு தாய் செய்கிறாள். வீட்டில் ஒருவரும் அவளைக் கவனிப்பதில்லை. அதுதான் நகைச்சுவை. விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா அடுக்களையில் பிரியாணிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணுரிமை பேசிக் கல்லூரியில் பரிசு வாங்கிய நானும் எழவில்லை.

படம் முடிந்ததும் அம்மா வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏலே, மொதல்ல இருந்து போடு."

"இங்கிலீஷ் படம்லா, உனக்கு என்ன புரியும்?" என்றார் அப்பா.

"நடுவுல மூணு தடவ காப்பி கேட்டிய. அங்கயும் அதான நடக்கு? இப்பம் நீங்க போய் எனக்கு ஒரு காப்பி போடுங்க."

அப்பா போனார். நான் கேசட்டைச் சுற்றிப் போட்டேன். நாங்கள் சிரித்த இடங்களில் அம்மா சிரிக்கவில்லை. படத்தில் அந்தத் தாய் சொல்லாமல் வெளியே போக, வீட்டார் திண்டாடும்போதுதான் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சீனி எங்கன இருக்கு?" அடுக்களையிலிருந்து அப்பாவின் குரல்.

"சத்தம் போடாதிய, படம் ஓடுதுல்லா."

நானும் போய்த் தேடினேன். இருபது வருஷமாக இந்த வீட்டில் காப்பி குடிக்கிறேன், எனக்கும் தெரியவில்லை. சீனி இல்லாமலே கொண்டுபோய்க் கொடுத்தோம். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா குடித்தாள். கடைசிவரை இடத்தைச் சொல்லவில்லை.