சதுரக் காசு பிடித்த உனக்கு

காலையில் கொல்லைப்புறத்தில் யாரோ செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். அந்த வாசனை வந்ததும், செய்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பழைய செப்புக் காசுகளை நீ இப்படித்தான் புளியில் ஊறவைப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் கிள்ளானிலிருந்து ரயிலேறி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவாய். தையற்கடை அண்ணனும் வருவார். நாம் மூவரும் சேர்த்த காசுகளைப் பாயில் பரப்பிவிட்டால் நமக்குப் பசியே தெரியாது.

ஒரு சென் காசு சதுரமாக வந்தபோது அண்ணன் பொரிந்து தள்ளினார்.

"இது காசாய்யா? பிஸ்கோத்து லா! வெள்ளிக் காசும் முன்னமாதிரி பளபளன்னு இல்ல. அதுல சீன எழுத்து இருக்கு, மலாய் எழுத்து இருக்கு, நம்ம எழுத்தக் காணோம்."

எனக்கும் பழைய வட்டக் காசுதான் அழகு. நீ மட்டும் அந்தப் புதுக் காசை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தாய்.

"எனக்குப் பிடிச்சிருக்குண்ணே. பாக்கெட்டுல கைய விட்டாலே இதுதான்னு தெரியுது."

"காச கண்ணால பாக்கணும்யா. தடவுறதுக்கா சேத்து வைக்கிறோம்?" என்று அண்ணன் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

சில மாதங்களில் விஷயம் வெளியே வந்தது. கிள்ளான் ஸ்டேஷனில் நீ வேலை பார்த்த டிக்கெட் கவுண்டரில், கோலாலம்பூருக்குக் கேட்டவருக்கு எதிர்த்திசையில் இருக்கும் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் டிக்கெட்டைக் கொடுத்திருந்தாய். பரிசோதித்த டாக்டர் பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

"ரொம்ப நாளாவே மங்கல்தான்பா. சொன்னா வேலை போயிடும்னு இருந்துட்டேன்" என்றாய். எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்று இன்றும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

வேலை போனது. நாகப்பட்டினத்தில் இருந்த உன் அக்காவிடம் போக முடிவுசெய்தாய். கப்பல் துறையில் அண்ணன் உன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நீதான் பேசினாய்.

"புதுக் காசு வந்தா எழுதுப்பா, அக்கா மவன் படிச்சுச் சொல்லுவான். அழகா இருக்கு, அசிங்கமா இருக்குன்னு மட்டும் எழுதாத. எனக்கு அது போதாது. ராஜா மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குது, நம்பரச் சுத்தி என்ன இருக்குன்னு எழுது."

நான் எழுத ஒரு புதுக் காசு வருவதற்குள் உன் சாவுச் செய்தி வந்துவிட்டது.

பிறகு அரை சென்னும் சதுரமாகவே வந்தது. ராஜா இடப்பக்கம் பார்க்கிறார். பின்னால் எண்ணைச் சுற்றி வட்டமாகச் சிறுசிறு முத்துகள். தையற்கடைக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். திட்டுவார் என்று பார்த்தால், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அதைத் தடவினார். "அவன் சொன்னது சரிதான்யா" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இந்தச் சொல்லை நீ கேட்டிருக்க வேண்டும்.

எதையும் 'அழகு' என்று ஒரே சொல்லில் முடிக்க இப்போது எனக்கு வருவதில்லை. நேற்று கிள்ளான் ஆற்றோரம் நின்றிருந்தேன். மழை அக்கரை மரங்களை முதலில் மறைத்தது, பிறகு நடு ஆற்றில் நின்ற படகை, பிறகு என் பக்கத்துப் படித்துறையை. ஒவ்வொன்றாக உனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நனைந்தேன்.