அண்ணி எழுப்பிய சுவர்

அண்ணி,

இன்று காலை அறையைக் குளிராக்கும் ஏர்கோன் மாட்ட வந்தவர் பின்னறைச் சுவரில் துளை போட்டார். மண்ணும் வைக்கோலும் பொலபொலவென்று கொட்டின. அறை முழுக்கப் பழைய மண்ணின் வாசம்.

"அக்கா, உள்ள கல்லே இல்ல, வெறும் மண்ணுலா!"

"மண்ணுதான் தம்பி. இடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்தாலும் உங்கள் வாய் என்னிடம் தங்கிவிட்டது.

கைக்குழந்தையோடு புருஷன் வீட்டை விட்டு அசாம் ஜாவா ஊரில் உங்கள் வாசலில் நான் வந்து நின்றபோது, அண்ணன் தலையைச் சொறிந்தார். இருந்ததே ஓர் அறைதான். திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பையைக் கீழே வைக்காமல் நின்றேன். நீங்கள் என் பையை வாங்கி உள்ளே வைத்தீர்கள். "பின்னால எடம் கெடக்கே. செவுரு வெச்சா ரூம்பு."

செங்கல்லுக்கு வழியில்லை. அண்ணன் அலையாத்திக் காட்டுப் பாக்காவ் மரக்கட்டைகளை நட்டார். நாம் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே பின்னினோம். சுங்கை பெசார் வயல்களிலிருந்து லோரியில் வந்த வைக்கோலை நறுக்கி, களிமண்ணோடும் சாணத்தோடும் மிதித்தோம். உங்கள் சின்ன மகள் மிதித்ததைவிட என்மேல் சேற்றை வாரி அடித்ததுதான் அதிகம்.

முதல் பூச்சு காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்களோ சிரித்தீர்கள்.

"வெடிக்கட்டும்டி. வெடிப்பு இல்லன்னா ரெண்டாவது பூச்சு எதப் புடிச்சிக்கிட்டு நிக்கும்?"

ஒருநாள் என் புருஷன் குடித்துவிட்டு வந்து அந்தச் சுவரை உதைத்தார். கொஞ்சம் மண் உதிர்ந்தது, மூங்கில் அசையவில்லை. நீங்கள் அவர் கண்ணெதிரே மண்ணைக் குழைத்து அந்த இடத்தில் அப்பினீர்கள். "ஒதைக்கிறது ஒங்க வேலன்னா பூசறது என் வேல. கதவு மட்டும் தொறக்காது, போங்க." போய்விட்டார். தாழ்ப்பாளை உள்பக்கம் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான். அன்றிரவு பயமில்லாமல் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை அண்ணி.

ஏர்கோன் எனக்கில்லை. போன வாரம், அன்று என்மேல் சேறடித்த உங்கள் சின்ன மகள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. "அத்தை, கொஞ்ச நாளைக்கு..." என்று இழுத்தாள். அண்ணன் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார். நான் பையை வாங்கி அந்த அறையில் வைத்தேன்.

இப்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஏர்கோன் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியில் நானே மண் குழைத்து அப்பியிருக்கிறேன். காய்ந்தால் வெடிக்கும்.

வெடிக்கட்டும். இரண்டாவது பூச்சுக்கு நான் இருக்கிறேன் அண்ணி.