நெடி இல்லாத மருந்து

மார்ச் 3, திங்கள்

இன்ஸ்பெக்டர் வந்தார். கடையில் இருந்த பூச்சிமருந்து டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸையும் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"ஐயா, இது இந்த மாசத்தோட முடியுது. இனிமே வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி பாஸ் பண்ணாத்தான் புதுசு."

இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊர்க் கரப்பானும் கரையானும் என் பம்புச் சத்தத்துக்கு நடுங்குகின்றன. அவற்றுக்கு நான் யாரென்று தெரியும். இவருக்குத்தான் சான்றிதழ் தேவைப்படுகிறது.

லைசென்ஸே இல்லாமல் ஸ்கூட்டரில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக அடிக்கிறார்களே, அவர்களை ஏன் பிடிப்பதில்லை என்று கேட்டேன்.

"அவங்க அட்ரஸ் எங்ககிட்ட இல்லையே ஐயா."

ஆக, ஒழுங்காக அட்ரஸ் கொடுத்தவன் மாட்டிக்கொள்ள வேண்டும். நல்ல சட்டம்!

மார்ச் 5

அட்ரஸ் இல்லாத அந்த ஸ்கூட்டர்காரர்களில் ஒருவன் என் மச்சினன். அக்காவைப் பார்க்க வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசனை வேறு சொல்கிறான்.

"பேசாம லைசென்ஸை விட்டுடுங்க மாமா. அது இருந்தாத்தானே ரத்து பண்ண முடியும்?"

என் மனைவி சிரித்தாள். அவனுக்கு இன்னொரு காபி கிடைத்தது. எனக்கு முதல் காபியே ஆறிப்போயிருந்தது.

மார்ச் 6

வகுப்புக்குக் கட்டணம். பரீட்சைக்குக் கட்டணம். வண்டியைச் சோதிக்கக் கட்டணம். அதற்கு மேல் இன்ஷூரன்ஸ். எல்லாவற்றையும் கட்டிவிட்டு நான் வேலைக்குப் போய் நின்றால் கரப்பானே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டும்.

மார்ச் 8

பேக்கரிக்காரர் கடைக்கு வந்தார். என்னுடைய பெரிய வாடிக்கை அவர்தான். வருஷ ஒப்பந்தம்.

"அண்ணே, ஏப்ரல்ல இருந்து பில்லுல லைசென்ஸ் நம்பர் இல்லேன்னா எனக்குத்தான் அபராதம். மஞ்சச் சட்டைக்காரங்க தினமும் போன் பண்ணிக் கழுத்தை அறுக்கிறாங்க."

மஞ்சள் சட்டை என்பது புதிதாக வந்திருக்கும் கம்பெனி. போனில் விரலை வைத்தால் வந்து நிற்பார்களாம். முதல் தடவை பாதி விலை. அடுத்த தடவை முதல் பாதியையும் சேர்த்து வசூலித்துவிடுவார்கள். மருந்து அடிப்பதுகூட இல்லை. அலமாரிக் கீலில் பல்லுக்குப் பேஸ்ட் வைப்பதுபோல ஒரு பொட்டு ஜெல் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு நெடி கிடையாது!

மருந்து போட்டால் வீடு நாற வேண்டாமா? வாசலில் நிற்கும்போதே கண்ணில் தண்ணீர் வர வேண்டும். அப்போதுதான் வேலை நடந்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வரும்.

பேக்கரி போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான். என் கையாலேயே எழுதி மாட்டிய போர்டை என் கையாலேயே இறக்குவதா? நடக்காது. வகுப்புக்குப் போகிறேன். பாடம் கேட்க அல்ல. பாடம் நடத்துகிறவருக்கு நாலு விஷயம் சொல்லிக் கொடுக்க.

மார்ச் 10

வகுப்புக்கு ஒரு கடை பேரில் கட்டணம் கட்டினால் இரண்டு பேர் வரலாமாம். ஒருவர் மட்டும் வந்தால் குறைப்பீர்களா என்று கேட்டேன். மாட்டார்களாம். காசு கட்டின நாற்காலியைக் காலியாக விட நான் என்ன ஏமாளியா? "நீயும் கிளம்பு" என்றேன் மனைவியிடம். கடைக்கு வரும் போனை எடுப்பவள்தானே, ஒரு மாறுதலாக இருக்கட்டும்.

"அங்க வந்து நான் என்ன பண்ண?"

"மின்விசிறிக் காத்து வாங்கு."

மார்ச் 12

வாத்தியார் சின்ன வயசு. நெடிக்கும் மருந்தின் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். நெடி பட்டால் கரப்பான் சாகாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுமாம்.

நான் எழுந்து கேட்டேன்: "ஓடட்டுமே? பக்கத்து வீட்டுக்காரரும் என்னைத்தானே கூப்பிடுவாரு? அதுதானே தொழில்?"

வகுப்பே சிரித்தது. எதற்கென்று இப்போதுவரை புரியவில்லை.

மாஸ்க் போடுவீர்களா என்று வாத்தியார் கேட்டார். எனக்குப் பழகிவிட்டது என்றேன். பக்கத்து நாற்காலியிலிருந்து இவள், "அதான் ராத்திரியெல்லாம் இருமுறாரு" என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். அதோடு விட்டாளா? நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

மார்ச் 15

பரீட்சை. கேள்விகள் எல்லாம் அரைவேக்காடு. 'நெடி வரவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்வீர்கள்?' நாலு விடை கொடுத்திருந்தார்கள், நாலும் தப்பு. பக்கத்தில் ஐந்தாவதாக நானே ஒன்று எழுதினேன்: இன்னொரு தடவை அடிப்பேன்.

இவளும் எழுதினாள். "காசு கட்டியாச்சு, சும்மா உக்காந்திருப்பானேன்" என்றாள். அது என் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு.

மார்ச் 20

நான் பெயில்.

மார்ச் 21

அவள் பாஸ். நேற்று எழுத மனம் வரவில்லை.

மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். வாத்தியாருக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கடையில ஒருத்தருக்கு லைசென்ஸ் இருந்தா போதுங்க ஐயா. அவங்க மேற்பார்வையில நீங்க உதவியாளரா வேலை செய்யலாம்."

உதவியாளர். நான். என் கடையில்!

மார்ச் 23

மச்சினன் போன் பண்ணினான். "மாமா, அக்கா கடையில வேலை ஏதாவது காலி இருக்கா?"

வைத்துவிட்டேன்.

மார்ச் 24

ஒரு வழி தோன்றியது. பெயர் அவளுடையதாக இருக்கட்டும், வேலை என்னுடையதாக இருக்கட்டும். "நீ வீட்டுலயே இரு. பில்லுல கையெழுத்து மட்டும் போடு" என்று நல்ல குரலில்தான் சொன்னேன்.

"கையெழுத்து போட்டா கூட வருவேன். வந்தா பார்ப்பேன். பார்த்தா சொல்லுவேன்."

"என்ன சொல்லுவே?"

"மாஸ்க் போடுங்கன்னு சொல்லுவேன். கையுறை மாட்டுங்கன்னு சொல்லுவேன். கண்ணெரியுற அந்தப் பழைய டின் எல்லாம் வெளிய போகணும். இருபத்தெட்டு வருஷமா சொன்னேன், காதுல வாங்கினீங்களா? இப்ப நான் சொல்லலீங்க, சட்டம் சொல்லுது."

சட்டம் இவள் குரலில் பேச ஆரம்பித்தால் மனுஷன் எங்கே போய் முறையிடுவது?

மார்ச் 27

பேச்சுவார்த்தை இல்லை. டம்ளர் வைக்கும் சத்தத்திலேயே குடும்பம் நடக்கிறது.

மார்ச் 29

பேக்கரிக்காரர் போன். "என்னண்ணே முடிவு? நாளன்னைக்கு மஞ்சச் சட்டை வந்து கையெழுத்து கேப்பான்."

போனை மனைவி பக்கம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம்" என்றேன்.

அவள் வாங்கிப் பேசினாள். 'ம்' என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 31

பழைய டின்களை இன்ஸ்பெக்டர் ஆபீஸில் ஒப்படைத்தோம். எடை போட்டு, அதற்கும் நம்மிடமே கட்டணம் வாங்குகிறார்கள். வாங்கும்போதும் காசு, தொலைக்கும்போதும் காசு.

அடையாள அட்டை வந்தது. அவள் போட்டோவில் சிரிக்கிறாள். நான் என் போட்டோவில் 'உதவியாளர்' என்ற சொல்லை முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2

போர்டில் லைசென்ஸ் எண்ணை எழுத வேண்டுமாம். எழுதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டே வந்து நின்றால் தெரியும்.

ஏப்ரல் 3

பேக்கரியில் வேலை. அடுப்புக்குப் பின்னால், மாவு அலமாரிக் கீலில், குழாய் நுழையும் ஓட்டையில் ஜெல். இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று அவள் டார்ச் அடித்துக் காட்டக் காட்ட வைத்தேன். "இவ்வளவு போதுமா அக்கா?" என்று பேக்கரிக்காரர் அவளைக் கேட்கிறார். நேற்றுவரை என்னைக் கேட்ட வாய்.

ஏப்ரல் 11

பேக்கரியில் செத்த கரப்பானை இரண்டு முறத்தில் அள்ளினார்களாம். தற்செயல்.

ஏப்ரல் 19

புது வாடிக்கை, மாடி வீடு. வேலை முடிந்ததும் அந்த அம்மா சமையலறையில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"என்னங்க, ஒரு நெடியும் இல்லையே? மருந்து வச்சீங்களா, இல்ல சும்மா போறீங்களா?"

இவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் மாஸ்க்குக்குள்ளிருந்தே சொன்னேன்: "அம்மா, நெடி வந்தா கரப்பான் பக்கத்து வீட்டுக்கு ஓடிட்டு, நாலு நாள் கழிச்சு உங்க வீட்டுக்கே திரும்பி வரும். நெடி வரவே கூடாது. இருபத்தெட்டு வருஷமா நான் இதைத்தான் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன். யாரு கேக்கறா?"

அந்த அம்மா தலையாட்டினார். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பில்லை எடுத்துப் பேனாவோடு அவளிடம் நீட்டினேன்.

வண்டியில் வரும்போது கேட்டாள்: "ஒரு வாரமா ராத்திரி இருமலே இல்லையே, கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை என்றேன்.